கற்பூரம் இல்லாத படி

1

"…அதுக்கில்லம்மா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. உன் ட்யூன் எனக்குப் புடிக்கும், அது வேற. ஆனா 'வாசல் திற'ன்னு யாரையோ கூப்பிடற பாட்டு இது. மேல யாரோ இருக்காங்கன்னு எனக்குத் தோணல. தோணாம கூப்பிட்டா அது நடிப்பு. உன்னையும் ஏமாத்தறேன், பாட்டையும் ஏமாத்தறேன். நீயும் அப்பாவும் ஏறுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

சொன்னவள் என் மகள் தணிகா. சொன்ன இடம், மெல்போர்னுக்குக் கிழக்கே யூகலிப்டஸ் மரங்கள் மண்டிய ஒரு குன்றின் அடிவாரம். நாள், போன டிசம்பர் முப்பத்தொன்று. வெயில் ஏறுவதற்குள் நாம் ஏறிவிட வேண்டும் என்று விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி வந்திருந்தோம். என் தோளில் சுருதிப்பெட்டி. என் வீட்டுக்காரர் கையில் ஜால்ரா. எங்கள் முன்னால், மண்ணில் மரக்கட்டை பதித்துச் செய்த படிகள் வளைந்து வளைந்து மேலே போயின.

முதல் படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாகிவிட்டது. கற்பூரம் மட்டும் கிடையாது. பூங்கா வாசலில் காட்டுத்தீ அபாயத்தைக் காட்டும் பெரிய பலகை இருக்கிறது. அதன் முள் அன்றைக்குச் சிவப்பில் நின்றது. முழு நெருப்புத் தடை நாள். தீக்குச்சி உரசினாலே குற்றம்.

எங்கள் பாட்டு ஒருவர் பாடி முடிக்கிற பாட்டல்ல. நான் ஓர் அடி பாட வேண்டும், இன்னொருவர் பதில் அடி பாட வேண்டும். பதில் வந்தால்தான் பாட்டு நகரும். வாய் திருந்திப் பேசத் தொடங்கிய காலத்திலிருந்தே அந்தப் பதில் அடி தணிகாவுடையது. மற்ற வருஷங்களில் இன்னும் சில தமிழ்க் குடும்பங்களும் கூட வரும். இந்தத் தடவை கோடை விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் பறந்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேர்தான். பிப்ரவரி பிறந்தால் தணிகாவும் படிப்புக்காக வேறு நகரத்துக்குப் போகிறாள். அடுத்த டிசம்பரில் எங்கே இருப்பாளோ, யாரோடு இருப்பாளோ. அவளோடு ஒரே படியில் நிற்க எனக்குக் கிடைத்த கடைசி முப்பத்தொன்று இதுவாகவே இருக்கலாம். அன்றைக்குத்தான் இப்படிச் சொன்னாள்.

அவளை அங்கேயே நிற்க வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். இல்லையென்றால் ஊரில் இருக்கிற நீங்கள், "மல ஏறிப் பாடறதுக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போவணுமா, இங்க இல்லாத மலையா?" என்று கேட்பீர்கள். கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். என் சித்தி கேட்டுவிட்டாள்.

2

படி விழாவைத் திருத்தணிக்காரர்களுக்கு நான் விளக்கினால் சிரிப்பீர்கள். வேற்றூர்க்காரர் யாராவது இதைப் படித்தால் அவருக்காகச் சொல்கிறேன். வருஷத்தில் எத்தனை நாளோ அத்தனை படி என்று சொல்லப்படுகிற மலை எங்களுடையது. டிசம்பர் கடைசி நாளன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் அடுத்த படிக்குக் கால் வைப்பார்கள். பாட்டு முடிவதும் கற்பூரம் அணைவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். அணைந்தால் ஏறலாம் என்று அர்த்தம். யாரும் "ஏறு" என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே போய்ச் சேரும்போது புது வருஷம்.

ஆடிக் கிருத்திகைக்கு நட்சத்திரம் பார்க்கிறோம், தைப்பூசத்துக்கு நட்சத்திரம் பார்க்கிறோம். இந்த ஒரு விழா மட்டும் எப்படி இங்கிலீஷ் காலண்டரில் போய் உட்கார்ந்தது என்று சின்ன வயதிலேயே எனக்குக் குடைச்சல். என் அப்பா, எங்கள் வழக்கில் நைனா, ஒரு கதை சொல்வார். வெள்ளைக்காரன் காலத்தில் புது வருஷம் பிறந்தால் ஊர்ப் பெரிய மனிதர்கள் எலுமிச்சம்பழத்தோடு துரை பங்களாவுக்கு ஓடுவார்களாம். "அந்த தொரைக்கு மேல ஒரு தொர மலைல நின்னுகினு கீறாரு, மொதல்ல அவருக்குச் சொல்லுங்கய்யா" என்று ஒருத்தர் ஜனங்களைத் திருப்பிவிட்டாராம். அப்படி ஆரம்பித்ததாம். உண்மையோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை. வெள்ளைக்காரனிடமிருந்து பறித்துக்கொண்டுபோன நாளை நான் வெள்ளைக்காரர்கள் ஊருக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், பாருங்கள்.

நைனா திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில் மைக்செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், தர்கா உரூஸ், சர்ச் திருவிழா, எல்லாவற்றுக்கும் அதே பெட்டி, அதே இரண்டு குழாய் ஸ்பீக்கர். நான் எந்த வாத்தியாரிடமும் உட்கார்ந்து சங்கீதம் படித்தவள் இல்லை. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள். படி விழாவுக்குப் பாட வருகிற பஜனைக் கோஷ்டியின் ஆர்மோனியம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். வலது கையால் கட்டைகளை அழுத்தி, இடது கையால் துருத்தியைத் தள்ளி, பாட்டுக்குப் பாட்டு நானே தடவித் தடவிக் கற்றுக்கொண்டேன். கோஷ்டியில் வாசிக்கிறவருக்கு ஒரு வருஷம் காய்ச்சல் வந்தது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்த இடம் என்னுடையது.

நைனா பாட மாட்டார், கும்பிடவும் மாட்டார். ஒவ்வொரு படியாகக் குழாயைத் திருப்பி வைத்துக்கொண்டு வருவார். ஏன் நைனா, நீ சாமி கும்பிட மாட்டியா என்று கேட்டால், "சத்தம் சுத்தமா போயி சேரணும், அதான் என் வேல. சாமி வர்றதும் வராததும் அவரு இஷ்டம்" என்பார். மசூதியிலும் அதையே சொன்னார், சர்ச்சிலும் அதையே சொன்னார். அந்த வரி எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. மனிதர்கள் போகிற போக்கில் சொல்கிற பேச்சைச் சேர்த்து வைப்பது என் பழக்கம். வேறு எதையும் நான் ஒழுங்காகச் சேர்த்ததில்லை.

3

கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டை. முறைக்காரர் என்பதால் எங்கள் பக்கத்து வழக்கப்படி பாவா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. இங்கே டிராம் ஓட்டுகிறார். பிறந்ததும் வளர்ந்ததும் தறிக்கு நடுவில். அதனாலோ என்னவோ, எந்தத் தாளமும் அவர் கையில் டக்-டக், டக்-டக் என்று இரண்டு இரண்டாகத்தான் விழும். மூன்றோ ஐந்தோ ஏழோ அவர் கைக்குப் புரியாது. "துணி நேரா வரணுன்னா தறி நேராத்தான் போவணும்" என்பார். அவருக்கு அதில் வெட்கமும் இல்லை.

தணிகா கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு டிசம்பர் மாதம், தள்ளுவண்டியில் அவளை வைத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன். தார் உருகுகிற வெயில். மூலையில் இருந்த சின்ன சர்ச்சிலிருந்து பாட்டுக் கேட்டது. கிறிஸ்துமஸுக்கு ஒத்திகை. துணைக்கு வாத்தியம் இல்லாமல் பாடினார்கள். சுருதி ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. கிணற்றில் கயிறு வழுக்குகிற மாதிரி. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் போகவில்லை. மைக்செட்காரர் பெண்ணால் அதைக் கேட்டுக்கொண்டு நடக்க முடியுமா? வண்டியோடு உள்ளே நுழைந்தேன். மூலையில் பியானோ சும்மா இருந்தது. வாசிக்கிறவருக்குக் கை முறிவு என்று பிறகு தெரிந்தது. ஒரே ஒரு கட்டையை அழுத்தி அவர்கள் இருந்திருக்க வேண்டிய சுருதியைக் கொடுத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மறுபடியும் கொடுங்கள்" என்றார் பாட்டுக் குழுவை நடத்துகிற மார்கரெட். தலை முழுக்க வெள்ளை, காலில் தோட்டத்து பூட்ஸ்.

அப்படியே உட்கார்ந்து வாசித்தேன். பாதியில் அவர் சிரிக்க ஆரம்பித்தார். "உங்கள் இடது கை என்ன செய்கிறது?"

குனிந்து பார்த்தால், இடது கை பியானோவுக்குப் பக்கத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. இல்லாத துருத்தியை. பியானோவுக்கு இரண்டு கையும் வேண்டும் என்று பார்த்ததுண்டு, ஆனால் அந்தக் கைக்கு அது தெரியாதே. பிறகு பழக்கிவிட்டேன். இப்போது இரண்டு கையாலும் வாசிக்கிறேன். ஆனால் பாட்டில் அமிழ்ந்துவிட்டால் இடது கை இன்றும் தானாக இறங்கிப்போய்த் துருத்தி தள்ளும். சர்ச்சில் அது ஒரு வேடிக்கை. "மஞ்சுளாவின் கை பறக்க ஆரம்பித்துவிட்டது, இன்று நன்றாகப் பாடுகிறோம் என்று அர்த்தம்" என்பார் மார்கரெட்.

அவரை ஒரு நாள் கேட்டேன். இந்த ஊரில் டிசம்பர் என்றால் ஈ மொய்க்கும் வெயில். பாட்டில் மட்டும் பனி கொட்டுகிறது, குளிர் அடிக்கிறது, கணப்பு எரிகிறது. யாருக்காவது சிரிப்பு வராதா?

மார்கரெட் விசிறிக்கொண்டே சொன்னார்: "என் அம்மா பனியைப் பார்த்ததில்லை. அவளுடைய அம்மாவும் பார்த்ததில்லை. பார்க்காததனால்தான் இவ்வளவு நன்றாகப் பாடுகிறோம்."

அன்று வீடு வரைக்கும் அதையே மென்றுகொண்டு வந்தேன். நான் மட்டும்தான் பருவம் தப்பி வந்தவள் என்று நினைத்திருந்தேன். ஆடிக் கிருத்திகைக்கு ஊரில் பூக்காவடி. இங்கே ஆடியில் விரல் விறைக்கும், கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு பூக்கடையில் ஒரு கொத்து வாங்குவேன். மார்கழிக் கோலம் போட்டால் மதியத்துக்குள் எறும்பு தின்றுவிட்டு வெயிலில் ஓடும். இது என் கஷ்டம் என்று இருந்தேன். இவர்களானால் எத்தனையோ தலைமுறையாக வெயிலில் உட்கார்ந்து பனியைப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பண்டிகை நாளை எடுத்துக்கொண்டு வர முடிகிறது, அதன் காற்றை எடுத்துக்கொண்டு வர முடிவதில்லை. மீதியைப் பாட்டால்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது போல.

4

அப்போதுதான் எனக்கும் படி ஆசை வந்தது. இந்த ஊரிலும் குன்று இருக்கிறது, குன்றில் படி இருக்கிறது, குரல் இருக்கிறது. இல்லாதது அனுமதி.

நகராட்சிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமைசாலி. என்ன நிகழ்ச்சி என்று கேட்டாள். என் இங்கிலீஷில், படிகளுக்குப் பாடப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் திருப்பிக் கேட்டாள்: "படிகளின் மேல் நின்று பாடுவீர்களா? இல்லை, படிகளுக்கேவா?"

யோசித்துப் பார்த்தேன். மஞ்சள் பூசுவது படிக்கு, பூ வைப்பது படிக்கு. "இரண்டும்" என்றேன்.

"கொடுத்துவைத்த படிகள்" என்றாள் அவள். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னாள். என் சேமிப்பில் அதுவும் இருக்கிறது.

ஆனால் அவள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு வகை இல்லையாம். கல்யாணம், பிறந்தநாள், படப்பிடிப்பு, நாய்ப் பயிற்சி, உடற்பயிற்சி. மலை ஏறுவதால் உடற்பயிற்சியில் போட்டு அனுமதி கொடுத்தாள். பாவா அந்தத் தாளைப் பூஜை அலமாரியில் வைத்து, "முருகா, இந்த ஊர்ல நீ ஜிம் மாஸ்டர்டா சாமி" என்று கும்பிட்டார்.

கற்பூரத்துக்குத் தனி நிபந்தனை: காற்றில்லாத நாளில், தகர டப்பாவுக்குள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. தடை நாள் என்றால் எதுவும் கிடையாது. மஞ்சள் குங்குமத்தை இறங்கும்போது துடைத்துவிட வேண்டும். சரி என்றோம். ஒவ்வொரு வருஷமும் பாவா வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், டப்பாவில் கற்பூரம் எரியும், அணைந்ததும் அடுத்த படி. தடை நாளும் முப்பத்தொன்றும் ஒன்றாக வந்தது இந்த வருஷம்தான்.

ஊரில் பாடிய பாட்டெல்லாம் முதல் வருஷமே பாதி வழியில் தீர்ந்துபோனது. கோஷ்டியில் பத்துப் பதினைந்து பேர் நினைவில் வைத்திருந்ததை நான் ஒருத்தி எப்படி வைத்திருப்பேன்? மீதிப் படிக்கு நானே கட்டிப் பாடினேன். கண்ணில் பட்டதையெல்லாம் போட்டேன். மரப்பட்டை உரிவது, காலையில் மேக்பை பறவை கத்துவது, டிராம் மணி. சந்தத்தில் உட்கார்ந்தால் போதும். ஒவ்வொன்றின் கடைசியிலும் பதில் அடி மட்டும் ஒன்றுதான்:

வந்தோம் வந்தோம் வாசல் திற
நின்றோம் நின்றோம் நீயும் வா

மூன்றும் நாலுமாக நடக்கிற தாளம். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. பாத்திரம் கழுவும்போது வந்தது. வரியை நான்தான் செய்தேன் என்றும் சொல்ல முடியவில்லை, யாரோ கொடுத்தார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. இதைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. குழாயிடம் கேட்டால் அது என்ன சொல்லும்?

5

தணிகா பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் அவரவர் வீட்டுப் பண்டிகையைப் படம் வரையச் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் கடற்கரை, ஐஸ்கிரீம், நீச்சல் உடை போட்ட கிறிஸ்துமஸ் தாத்தா. இவள் திருத்தணி மலையை வரைந்தாள். படி நெடுக ஜனங்கள், எல்லோர் தலையிலும் மப்ளர். நான் சொன்ன கதையைக் கேட்டுத்தான் வரைந்தாள், ஊரை ஒரு தடவை கைக்குழந்தையாகப் பார்த்ததோடு சரி.

டீச்சர் கேட்டாராம்: டானிக்கா, டிசம்பரில் ஏன் கழுத்தைச் சுற்றித் துணி?

"எங்கம்மாவோட டிசம்பர் வேற" என்று சொன்னாளாம்.

டீச்சர் அதை என்னிடம் சொன்னபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் படம் இன்னும் என் பெட்டிக்குள் இருக்கிறது.

பிள்ளை வளர்ந்தது. டானிக்கா என்று கூப்பிட்டால் திரும்புகிற அளவுக்குத் தணிகா என்றால் திரும்பவில்லை. காதில் எந்நேரமும் ஹெட்போன். அறைக்குள் கம்ப்யூட்டரில் அவளே பாட்டுச் செய்கிறாள். மழை விழும் சத்தம், அப்பா ஓட்டும் டிராம் பிரேக் சத்தம் என்று பிடித்து வைத்து அதிலிருந்து தாளம் கட்டுகிறாள். ஒரு தடவை ஒட்டுக் கேட்டேன். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்று சொன்னால் கதவைச் சாத்திக்கொள்வாள் என்பதால் சொல்லவில்லை.

இந்தக் கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள், சாப்பிடும்போது பதில் அடியை ஒத்திகை பார்க்கலாமா என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, "இந்த வருஷம் வேணாம்மா" என்றாள்.

"தொண்ட சரியில்லயா?"

"தொண்ட நல்லாருக்கு. எனக்கு நம்பிக்கை இல்ல. ரொம்ப நாளாவே இல்ல. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு சொல்லாம பாடிட்டிருந்தேன்."

பாவா சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஆர்வம்தான் வந்தது. இத்தனை வருஷம் நம்பிக்கை இல்லாமல் பாடியதில் எது குறைந்திருந்தது? நான் கேட்டபோது எனக்குத் தெரியவில்லையே!

"அப்ப நான் சர்ச்சுல வாசிக்கறேனே, அது?" என்று கேட்டேன்.

"அதான் எனக்கும் புரியல" என்று ஸ்பூனை வைத்துவிட்டாள். இங்கிலீஷுக்குத் தாவாமல், தேடித் தேடித் தமிழிலேயே பேசினாள். முக்கியமான விஷயம் என்றால் அப்படித்தான் செய்வாள். "நீ வாசிக்கும்போது நான் உன் எடது கையத்தான் பாப்பேன். படியில பாடறப்ப ஆடுது. ஓகே, அது உன் சாமி. சர்ச்சுலயும் அதே மாதிரி ஆடுது. கிச்சன்ல ரேடியோ கேட்டாலும் ஆடுது. அப்ப நீ எத நம்பற?"

பாவாதான் குறுக்கே வந்தார். "அந்தக் கை ஒங்க தாத்தாகிட்ட சம்பளம் வாங்காம வேல பாத்த கை. எங்க பாட்டு கேட்டாலும் டூட்டிக்குப் போயிடும். உடு கண்ணு."

அவள் சிரித்தாள். ஆனால் முடிவை மாற்றவில்லை.

6

முப்பதாம் தேதி நைனாவுக்குப் போன் போட்டேன். இப்போது திருத்தணியில் என் தம்பி வீட்டில் இருக்கிறார். மைக்செட்டைத் தம்பி டிஜிட்டலாக மாற்றிவிட்டான். அதில் நைனாவுக்கு ஏகப்பட்ட குறை.

"இன்னா மா, ஆங், சொல்லு. இங்க செம குளிரு. மல மேல லைட்டு போட்டுகினு கீறாங்க. ஒன் தம்பி குழாயே வாணான்றான், பொட்டி பொட்டியா அடுக்கறான். சத்தம் பக்கத்துல இடிக்குது, தூரத்துல கேக்கல."

"நைனா, ஒன்னு கேக்கறேன். உனக்கு நம்பிக்க இருந்துதா?"

"எது மேல?"

"சாமி மேல."

"இத்தினி வருசம் கழிச்சி இன்னாத்துக்கு இந்த வெசாரண? போலீஸ் வந்துகீதா?"

விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் இருமினார். இருமலா சிரிப்பா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.

"இத பாரு. பேட்டரி மேல நம்பிக்க இருந்துது, பாதில புட்டுகிச்சி. மைக்கு மேல இருந்துது, அதுவும் கொரகொரன்னுச்சி. சாமிய நான் பக்கத்துல பாத்ததே இல்ல. வயர சுத்திகினு மேல ஏறறதுக்குள்ள நட சாத்திடுவாங்க. ஆனா பஜனைல எவனாச்சும் சுருதி உட்டான்னா குழாய வேற பக்கம் திருப்பிடுவேன். சாமிக்குக் கேக்குமேன்னா? தெர்ல. எனக்குக் கேக்குதே, அதான்."

"தணிகா பாட மாட்டேன்றா நைனா."

"பாடாங்காட்டி போவுது. கூட வருதா?"

"வண்டில வரேன்னு சொல்லியிருக்கா. வெயில்ல நாங்க மயக்கம் போட்டா தூக்கணுமாம்."

"பின்ன இன்னா! சரி, ஜால்ரா யாரு?"

"எப்பவும் தட்டற வேலூர் அண்ணன் ஊருக்குப் போயிட்டாரு. பாவாதான்."

"யாரு, மாப்ளையா?" இந்த முறை சந்தேகமே இல்லை, சிரிப்புதான். "அய்யோ, முருகன காப்பாத்துங்கடா!"

7

இப்போது தணிகாவிடம் திரும்பி வருகிறேன். அவளை அடிவாரத்தில் நிற்க வைத்திருக்கிறேன் அல்லவா. கடைசியாக ஒரு தடவை, பாடுகிறாயா என்று அங்கே கேட்டுப் பார்த்திருந்தேன்.

"நீயும் அப்பாவும் ஏறுங்க. நான் இங்கயே நிக்கறேன்" என்று அவள் சொல்லி முடித்ததும் மரத்தில் மேக்பை ஒன்று கத்தி ஓய்ந்தது. பாவா என் காதருகில், "இன்னிக்கு உட்டுட்லாமா? வெயிலு வேற" என்றார். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பதில் இல்லாத பாட்டு, கற்பூரம் இல்லாத படி. எதை வைத்து ஏறுவது?

ஆனால் மஞ்சள் பூசியாகிவிட்டது. பூசிய படியை வாய் திறக்காமல் எப்படிக் கடப்பது? அந்த நகராட்சிப் பெண் கேட்டாளே, படிகளுக்கேவா என்று. சுருதியைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியை எடுத்தேன். பூங்கா வாசலில் பலகையைப் பார்த்தபோது மனதில் ஓடிய வரி, அப்போதுதான் கட்டியது:

காற்றே நீதான் காவல் இன்று
கற்பூரம் போல் கரைகிறேன்

பாவா ஜால்ராவைத் தட்டினார். டக்-டக். டக்-டக். என் பாட்டு மூன்றும் நாலுமாக நடக்க, அவர் பொதட்டூர்பேட்டைத் தறியை ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். ஒரு சுற்றில் என் காலை மிதித்தார், மறு சுற்றில் என்னை முந்தினார். பதில் அடி வர வேண்டிய இடத்தில் நான் நிறுத்தினேன். யாரும் பாடவில்லை. அந்த வெற்றிடத்திலும் டக்-டக். டக்-டக். முகத்தில் வியர்வை வழிய, பக்தியோடு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் தட்டினார்.

மறுபடியும் அதே அடியைப் பாடினேன். மறுபடியும் வெற்றிடம். மறுபடியும் தறி. முதல் படியிலேயே நின்றுகொண்டிருந்தோம். அணைந்து வழிகாட்ட நெருப்பும் இல்லை, தள்ளிவிடப் பதிலும் இல்லை. சாயங்காலம் வரை அங்கேயே நின்றிருப்போம் போல.

மூன்றாவது தடவை எடுத்தபோது, பின்னால் சருகு நொறுங்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். தணிகா கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வருகிறாள். முகம் சுளித்திருந்தது. பல் கூசுகிறவர்கள் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள்.

"அப்பா, ப்ளீஸ். என்னால முடியல. குடுங்க அத."

"ஏன், நல்லாத்தான தட்டிகினு இருந்தேன்?"

"பாட்டு ஏழு. நீங்க ரெண்டு ரெண்டா அடிக்கறீங்க. குடுங்க."

பாவா ஜால்ராவைக் கொடுத்துவிட்டு, பொறுப்பு நீங்கியவராகத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டார். கற்பூரம் இல்லாத நாளில் அந்த வாளி எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. வழக்கம் என்று கொண்டுவந்திருந்தார்.

அவள் முதல் படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். பாட மாட்டேன் என்றால் பாட மாட்டாள், அதில் என்னை மாதிரி. நான் அடியை எடுத்தேன். அவள் கையில் தாளம் விழுந்தது. மூன்று, நாலு. மூன்று, நாலு. ஊசி குத்தின மாதிரி சுத்தம். என் இடது கை தோளிலிருந்த பெட்டியை விட்டு இறங்கிப்போவதை உணர்ந்தேன். அவளும் பார்த்தாள். பதில் அடி வரும் இடம் வந்தது. நான் நிறுத்தினேன். அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் "வந்தோம் வந்தோம்" எத்தனை தட்டு நீளுமோ அத்தனை தட்டு, "நீயும் வா" எங்கே ஓயுமோ அங்கே ஓய்ந்து, அந்த அடி முழுவதையும் ஜால்ராவில் தட்டி முடித்தாள்.

பிறகு தாளத்தை விடாமல் இரண்டாம் படியில் ஏறி நின்றாள். திரும்பி, என்னைப் பார்த்து, தலையால் "வா" என்றாள்.